சில்லென்றால் ஈரம்

வெள்ளிக்கிழமை காலை, ஐப்பசித் தூறல். ஷெட்டு வாசலில் அட்டெண்டன்ஸ் நோட்டுடன் நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். எட்டாவதாக வந்தது என் அம்மா.

அவள் துண்டை அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமலேயே தெரிந்தது. காதோரம் ஒரு சொட்டு இறங்கி ரவிக்கைத் தோளில் விழுந்து பரவியது. சீயக்காய் வாசனை வந்தது.

"ஈரமா இருக்குது. வூட்டுக்குப் போயிட்டு, காஞ்சப்பறம் வாங்க" என்றேன்.

வீட்டில் நான் அவளை 'நீ' என்றுதான் சொல்வேன். ஷெட்டில் மட்டும் எல்லோருக்கும்போல அவளுக்கும் 'ங்க'. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்ற பவுனு அக்கா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஏ கலை, அது ஒங்கம்மாடி."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா."

அம்மா சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "அதுல அப்பிடித்தான் எழுதியிருக்குதா?"

"ஆமா."

"யாரு எழுதனது?"

"நான்தான்."

"சரிங்க மேடம்" என்றாள். திரும்பித் தூறலுக்குள் நடந்தாள்.

கடைக்குப் போனால்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் போகமாட்டாள் அம்மா. அன்று சொல்லவில்லை.

கத்தியும் தராசும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. விருத்தாசலத்தில் ரயில்வே ஜங்ஷனைத் தாண்டிப் போனால் பீங்கான் யூனிட்டுகள் வரிசையாக வரும். அதில் ஒன்றில் ஊறுகாய் ஜாடியும் அகல்விளக்கும் செய்கிறோம். என் அம்மா அஞ்சலைக்கு அங்கே பதினெட்டு வருஷ வேலை. பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதிகளும் சேருகிற இடத்தில் ஜாடியின் மேல் ஒரு கோடு மேடாக நிற்கும். அந்தப் பிசிறைக் கத்தியால் சீவி எடுப்பது அவள் வேலை. அவள் சீவிய ஜாடியில் கோடு இருந்த இடத்தை யாராலும் காட்ட முடியாது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியது மட்டுமில்லை, பாலிடெக்னிக்கில் செராமிக் டிப்ளமோ முடித்து, அதே யூனிட்டில் காய வைக்கும் பகுதிக்கு சூப்பர்வைசராகப் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த நாளில் அப்பா தன் ஷேர் ஆட்டோவில் வேறு யாரையும் ஏற்றாமல் என்னை மட்டும் கொண்டுபோய் இறக்கினார். பெருமை இருந்ததா என்றால், இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

காய வைப்பது என்றால் சும்மா இல்லை. அச்சிலிருந்து எடுத்த பச்சை ஜாடியை அவசரப்பட்டுச் சூட்டில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். சுருங்கிய தோல் சுருங்காத உடம்பை இறுக்கும்போது விரிசல் விடும். அதனால் முதலில் நிழல், பிறகு காற்று, கடைசியில்தான் சூடு. நடுநடுவே திருப்பி வைக்க வேண்டும்.

முழுக்கக் காய்ந்துவிட்டதா என்று நான் தராசில் வைத்துப் பார்ப்பேன். எடை இனிமேல் குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. அம்மாவுக்குத் தராசு வேண்டாம். ஜாடியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுவாள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சாதாரணமாக இருந்தால் சூளைக்குப் போகலாம்.

நான் தராசில் வைத்த ஜாடியையே அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். ஆனாலும் நான் என் பதிலை மட்டும்தான் நோட்டில் எழுதுவேன்.

சூளைக்குப் பின்னால்

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைக்குக் குளிப்பார்கள். எட்டு மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும். அதற்குமுன் சோறு வடித்து, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, பஸ்ஸைப் பிடித்து வர வேண்டும். இதில் முடி காய நேரம் ஏது?

சூளைக்குப் பின்னால்தான் அந்த நேரம் இருந்தது. செங்கல் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஆள் நிற்கிற அளவு சந்து. பெண்கள் வரிசையாகச் சுவருக்கு முதுகைக் காட்டி, முடியை விரித்துப் போட்டு நிற்பார்கள். கால் மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதுவரை அந்தச் சந்தில்தான் பேசுவார்கள். சின்ன வயதில் அம்மாவின் முடியில் முகத்தைப் புதைத்தால் சுட்ட செங்கல் வாசனை அடிக்கும். எல்லா அம்மாக்களின் முடியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் பவுனு அக்கா பர்னர் குழாய்ப் பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். முடி நுனி ஒரு சாண் கருகிச் சுருண்டது. நாற்றம் ஷெட்டு முழுக்க. அவளோ, "போனா போவுது, நுனி வெட்ட ஆள் தேடிக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மறுநாளே மேனேஜரிடம் பேசிச் சந்தின் வாயில் தகரம் அடிக்க வைத்தேன். செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் ஒரு வழியை அடைத்தவள் இன்னொரு வழியைக் காட்ட வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு பெண்கள் ஈர முடியை அப்படியே முறுக்கிக் கொண்டை போட்டு, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குனிந்து வேலை செய்யும்போது சொட்டியது. ஈரமே இல்லாமல் காய்ந்து சூளைக்குத் தயாராக இருக்கிற விளக்கின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அந்த இடம் மட்டும் ஊறி வாய் பிளந்துவிடும். கார்த்திகைக்காகச் செய்த விளக்குகளில் இரண்டு பலகை நிறைய அப்படிப் போயின. அன்றுதான் நான் அந்தத் தாளை எழுதி ஒட்டினேன். 'தலைமுடி ஈரமாக இருந்தால் உள்ளே வர அனுமதி இல்லை.' கீழே என் கையெழுத்து, டிப்ளமோவோடு.

என் டிரையர்

எனக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. என்னிடம் ஹேர் டிரையர் இருந்தது.

ஷெட்டில் ஜாடிகளுக்கு மெருகு பூசுகிற ஷமீமா மங்கலம்பேட்டைக்காரி, என் வயது. அவள் அண்ணன் வளைகுடாவிலிருந்து வரும்போது வாங்கி வந்தது அது. "எனக்கு இது ஒத்துக்கல, முடிய வறுத்தெடுக்குது, நீ வச்சுக்க" என்று கொடுத்துவிட்டாள். ஒத்துக்கொள்ளாதது அவளுடைய முடிதான், என்னுடையது படித்த முடி என்று நினைத்தேனோ என்னவோ.

தலைக்குக் குளித்ததும் துண்டால் பரபரவென்று தேய்ப்பேன். சொட்டச் சொட்டச் சீப்பைப் போட்டுச் சிக்கு எடுப்பேன். பிறகு டிரையரை உச்சச் சூட்டில் வைத்து, முடியை ஒட்டிப் பிடிப்பேன். ஏழே நிமிஷம். பின்னிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஒரு வருஷத்தில் பின்னல் பாதியாக இளைத்தது. சீப்பில் வந்தது நீள முடி இல்லை, துண்டு துண்டாக முடி. வேரோடு கழன்றால் நீளமாக வரும். துண்டாக வந்தால் நடுவில் ஒடிகிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனாலும் போர் தண்ணீர் உப்பு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் மேடம்

அந்த வெள்ளிக்கிழமை அம்மா திரும்பி வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. வீட்டில் சோறு போட்டாள், தண்ணீர் மொண்டு வைத்தாள், என் சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆனால் பேச்சு மாறிவிட்டது.

"மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

"அம்மா, போதும்மா."

"ரசம் போதுமா, ரூல் போதுமா?"

அப்பா தட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். நான் முறைத்ததும், "நான் ஒண்ணும் சொல்லல. எனுக்குத் தல வழுக்க, எந்த ரூலும் ஒட்டாது" என்றார்.

திங்கட்கிழமை அம்மா விஷயத்துக்கு வந்தாள். "சேத்தியாத்தோப்பு பக்கம் களை எடுக்க ஆள் கேக்குறாங்க. போலாம்னு இருக்கறேன்."

"நீ என்ன களை எடுக்கற ஆளா? பதினெட்டு வருஷமா பீங்கான் வேல பாத்துட்டு?"

"பதினெட்டு வருஷமும் என்ன யாரும் வாசல்ல நிக்க வச்சதில்ல. வேற யாராச்சும் நிக்க வச்சிருந்தா திட்டிட்டு உள்ள போயிருப்பேன். நீ நிக்க வச்சா என்னா பண்றது? திட்டவும் முடியல, போவவும் முடியல."

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "அஞ்சலையம்மா எடத்துக்கு ஆள் கேட்டு ரெண்டு பேர் வந்துட்டாங்கம்மா. கார்த்திக ஆர்டர் கழுத்துல இருக்குது. வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். வரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மூன்று நாள்தான் இருந்தது. விதியைக் கிழித்துப் போட்டால் விளக்குகள் வெடிக்கும். கிழிக்காவிட்டால் அம்மா போய்விடுவாள். குளித்துவிட்டு வருவதற்கும் எட்டு மணிக்கும் நடுவே ஒரு தலைமுடியைக் கெடுக்காமல் காய வைக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் காய வைக்கவே படித்தவள்.

அச்சுக்குள் என் பின்னல்

முதலில் செய்த காரியத்தை ஷமீமாவைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

பிளாஸ்டர் அச்சு தண்ணீரைக் குடிக்கும். ஜாடி உருவாவதே அப்படித்தான். கூழ் மண்ணை அச்சுக்குள் ஊற்றினால், அச்சு தன்னை ஒட்டியிருக்கிற ஈரத்தை மெல்ல உறிஞ்சிவிடும். உறிஞ்சிய இடத்தில் மண் கெட்டியாகி ஓடுபோல நிற்கும். சூடு வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஜாடியின் ஈரத்தைக் குடிக்கிற அச்சு முடியின் ஈரத்தைக் குடிக்காதா?

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பழைய அச்சுகள் போட்டு வைத்திருக்கும் அறையில், காய்ந்த ஜாடி அச்சு ஒன்றை எடுத்தேன். தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முடியை அச்சுக்குள் சுருட்டி வைத்து, மறு பாதியால் மூடி, ரப்பர் பெல்ட்டால் கட்டினேன். அச்சின் கனம் கழுத்தைப் பின்னால் இழுத்தது. அந்த நேரம் பார்த்து ஷமீமா கதவைத் திறந்தாள்.

என்னைப் பார்த்தாள். தலைக்குப் பின்னால் தொங்கிய அச்சைப் பார்த்தாள். "என்னாடி, ஜாடியா பொறக்கப் போறியா?"

அவிழ்த்தபோது ஈரம் குறைந்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. விரலை விட்டால் விறகுச் சுள்ளிபோல் நின்றது. அதைவிட மோசம், அச்சின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய்க் கறை. எண்ணெய் குடித்த அச்சு அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்காது. அதில் ஊற்றினால் ஜாடி அந்த இடத்தில் பொத்தலாக வரும். முதல் வருஷப் பாடம் இது.

ஷமீமா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நான் தலயில துணி போட்டுக்கிட்டுதான வரேன்? ஒரு நாளாச்சும் என் தல ஈரமா இருந்து பாத்திருக்கறியா?"

யோசித்தேன். இல்லை.

"ஈரத்தோட துணிய போட்டா சாயங்காலத்துக்குள்ள நாறிடும், அரிக்கும். அதனால நான் எப்பவும் காய வச்சுட்டுதான் போடறது. என்னான்னு கேட்டியா? டிரையர் குடுத்தேன், வாங்கிக்கிட்டுப் போயிட்ட."

பழைய லுங்கி

ஷமீமா சொன்னது இவ்வளவுதான். டர்க்கி துண்டு வேண்டாம், அதன் சொரசொரப்பு ஈர முடியை அறுக்கும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி வேண்டும். அவளுக்கு அது அண்ணன் விட்டுப்போன பழைய லுங்கி. குளித்ததும் முடியை முறுக்காமல், கையால் மேலிருந்து கீழே அழுத்தித் தண்ணீரை வழிய விட வேண்டும். லுங்கியில் சுற்றித் தளரக் கட்டிவிட்டு டீ போடப் போய்விடலாம். டீ குடித்து முடித்ததும் அவிழ்த்து, லுங்கியின் காய்ந்த மறுபாதியில் சுற்ற வேண்டும். தேய்க்கவே கூடாது, ஒத்தி எடுக்க வேண்டும்.

"அப்பறம் பிரிச்சு வுட்டு, ஃபேன் காத்துல அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பி நில்லு. மேல பாக்காத, பிடரியப் பாரு. அதுதான் கடைசியில காயும். முக்காவாசி காயற வரைக்கும் சீப்பத் தொடாத. தொட்டா நுனியிலேர்ந்து எடு."

"மழ நாள்ல?"

"மழ நாள்ல டிரையர போடு, யாரு வேணான்னா? ஒரு மொழம் தள்ளிப் புடி, சூட்டக் கொறச்சு வை. லுங்கி குடிச்சது போவ மிச்சத்துக்குத்தான் அது. சொட்டச் சொட்ட இருக்கற முடிய வறுக்கறதுக்கு இல்ல."

கேட்கக் கேட்க எனக்குக் காது சூடானது. முதலில் உறிஞ்ச விடு, பிறகு காற்று, கடைசியில் கொஞ்சம் சூடு, நடுவே திருப்பிக்கொண்டே இரு. ஜாடிக்கு நான் நாள்தோறும் செய்வது இதைத்தான். தேர்வில் எழுதி மார்க் வாங்கியதும் இதைத்தான். என் தலைக்கு மட்டும் செய்ததில்லை.

வியாழக்கிழமை மேனேஜரிடம் கேட்டுப் பழைய அச்சு அறையை ஒழித்தேன். ஒரு கொடி கட்டி, வீட்டிலிருந்தும் ஷமீமா வீட்டிலிருந்தும் கொண்டுவந்த பருத்தித் துணிகளைத் துவைத்துத் தொங்கவிட்டேன். ஃபேன் ஓடியது. செவ்வாய், வெள்ளிகளில் ஏழேகாலுக்கே அந்த அறையைத் திறந்து வைப்பதாகப் பெண்களிடம் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து லுங்கியிலிருந்து ஃபேன்வரை சொல்லி முடித்தேன். மேனேஜர் சொன்ன கெடுவையும் சொன்னேன். அச்சு விஷயத்தைச் சொல்லவில்லை.

அவள் நிமிரவில்லை. "இதையும் எழுதி ஒட்டிட்டீங்களா மேடம்?"

"இல்லம்மா. வாயாலதான் சொன்னேன்."

அடுத்த கீரைத்தண்டை எடுத்து ஒடித்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறு வெள்ளி

அறையைத் திறக்க வேண்டும் என்று விடியும்போதே எழுந்து தலைக்குக் குளித்தேன். நேரம் இல்லை. லுங்கி எல்லாம் நாளையிலிருந்து என்று டிரையரை எடுத்தேன். ஏழு நிமிஷம்கூட இல்லை, ஐந்து. பின்னிக்கொண்டு ஓடினேன். அம்மா பாயில்தான் படுத்திருந்தாள்.

பழைய அச்சு அறை கலகலவென்று இருந்தது. பவுனு அக்கா தலையில் வேட்டியைச் சுற்றிக்கொண்டு, "நான்தான் இன்னிக்கி மாப்ள" என்று நடந்து காட்டினாள். சந்தில் பேசிய பேச்செல்லாம் ஃபேனுக்குக் கீழே மறுபடி ஆரம்பித்துவிட்டது. எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நோட்டுடன் ஷெட்டு வாசலில் போய் நின்றேன். எல்லோரும் வரிசையாக வந்தார்கள். கேட் பக்கம் பார்த்துக்கொண்டே பெயர்களைக் குறித்தேன்.

அம்மா கடைசியாக வந்தாள். தலையில் துண்டு இல்லை. முடியை விரித்து, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். என் எதிரே வந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"பாருங்க மேடம்."

"வேணாம்மா. உள்ள போ."

"அதெப்படி? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

என் கையைப் பிடித்துத் தன் பிடரிக்குள் விட்டாள். வேர்வரை காய்ந்திருந்தது. விரலில் குட்டை குட்டையாக முடி குத்தியது. ஒரு விரல் நீளம், அரை விரல் நீளம். சூளைச் சுவரில் பட்டுவந்த இடம் அதுதான். என் சீப்பில் வருகிற அதே துண்டு முடி, இவள் தலையில் பதினெட்டு வருஷத்துக்கு.

"காஞ்சிருக்குது" என்றேன்.

"ஒங்கப்பா லுங்கி. எழுந்து தேடிக்கிட்டுக் கெடக்கறாரு." அவள் உள்ளே போகாமல் என் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ திரும்பு."

"எதுக்கு?"

"திரும்புடி."

திரும்பினேன். என் பின்னலைத் தூக்கினாள். பிடரியை ஒட்டிய தடித்த பகுதியைத் தன் கன்னத்தில் வைத்தாள். பின்னால் என்ன செய்கிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. கண்ணை மூடியிருப்பாள். ஷெட்டுக்குள்ளிருந்து பெண்கள் வாசலை எட்டிப் பார்த்தார்கள்.

"சில்லுன்னு இருக்குது."

"மழக்காத்தும்மா, அதான்..."

"மேல காஞ்சிருக்குது. உள்ள பச்சையா இருக்குது."

கையை விட்டுப் பார்த்தேன். பின்னலின் அடியில், உள்மடிப்பில், விரல் நனைந்தது. ஒரு வருஷமாக நான் அப்படித்தான் உள்ளே போய் வந்திருக்கிறேன். என்னைச் சோதிக்க வாசலில் யாரும் நின்றதில்லை.

முதலில் சிரித்தது பவுனு அக்கா. பிறகு ஷமீமா. பிறகு ஷெட்டே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த நோட்டை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பின்னலின் ரப்பர் பேண்டைக் கழற்றி, முடியை மெதுவாகப் பிரித்து என் தோள்களில் பரப்பிவிட்டாள். சீப்பைத் தொடவில்லை.

"காஞ்சப்பறம் வா. வெளக்குப் பலகைய நான் பாத்துக்கறேன்." வாசற்படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள். "போயிட்டு வரேன்."

தாழ்வாரத்தின்கீழ், காற்று வருகிற பக்கமாக முதுகைக் காட்டி நின்றேன். மேனேஜர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரெயின்கோட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா கலை, மணி எட்டாவுது. உள்ள போவாம நிக்கற?"

"முடி காயல சார்."